கெக் வெளியே போகும்போது பாலிசியும் கூடப் போகிறதா?

வாசகர் கேள்வி:

"வணக்கம் ஐயா. அமெரிக்காவில் நானும் என் மனைவியும் ஒரு சிறிய கிராஃப்ட் ப்ரூவரி நடத்துகிறோம். இதுவரை எங்கள் டேப்ரூமில் (ப்ரூவரியிலேயே பீர் ஊற்றித் தரும் கூடம்) மட்டும்தான் விற்று வந்தோம். இந்தக் கோடையில் நகரப் பூங்காவில் நடக்கும் பீர் விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. விழாக் குழு அனுப்பிய ஒப்பந்தத்தில் 'அடிஷனல் இன்ஷூர்ட்', 'பிரைமரி அண்ட் நான்-கான்ட்ரிபியூட்டரி', 'வெய்வர் ஆஃப் சப்ரொகேஷன்' என்று என்னென்னவோ கேட்கிறார்கள். எங்களிடம் 10 லட்சம் டாலருக்கு ஜெனரல் லயபிலிட்டி பாலிசி இருக்கிறது. அதுவே போதும், சர்டிஃபிகேட் அனுப்பிவிடுகிறேன் என்கிறார் ஏஜென்ட். பீர் ஊற்றப்போவது விழாக் குழுவின் தன்னார்வலர்கள். கூட்டம் அதிகமானால் எங்கள் நண்பர்கள் இரண்டு பேர் கை கொடுப்பார்கள். நாங்கள் காசு வாங்கப்போவதில்லை, எல்லாம் இலவச சாம்பிள்தான். சாமான்களை மச்சானின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அப்புறம், அக்டோபரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கும் நாலு கெக் (பீர் பீப்பாய்) கேட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் சொல்வது சரிதானா?"

பதில்:

உங்கள் ஏஜென்ட் சொன்னது பாதி சரி. உங்கள் கூடாரத்தின் கயிறு தடுக்கி ஒருவர் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் ஜெனரல் லயபிலிட்டி (உங்கள் தொழிலால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பாலிசி) வரும். உங்கள் பீர் பாட்டிலில் கண்ணாடிச் சில்லு இருந்து ஒருவருக்கு வாய் கிழிந்தாலும் வரும். உங்கள் கூடாரத்தில் குடித்தவர் காரை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் மேல் மோதினால் வராது. ப்ரூவரிக்காரர் தூக்கம் கெட வேண்டியது இந்த மூன்றாவது விபத்தை நினைத்துத்தான்.

ஏன் வராது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பல கம்பெனிகள் ஐஎஸ்ஓ (இன்ஷூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ்) என்ற அமைப்பு எழுதிவைத்த பொதுப் படிவத்தை அப்படியே, அல்லது கொஞ்சம் மாற்றி, பாலிசியாகக் கொடுக்கின்றன. ஜெனரல் லயபிலிட்டிக்கு அந்தப் படிவத்தின் எண் சிஜி 00 01. அதிலுள்ள விலக்குகளில் 'சி' என்ற எழுத்தின் கீழ் மது பற்றிய விலக்கு இருக்கிறது. ஒருவருக்குப் போதை ஏறக் காரணமாக இருந்தீர்கள், குடிக்கும் வயது வராதவருக்கோ ஏற்கெனவே போதையில் இருந்தவருக்கோ கொடுத்தீர்கள், மது விற்பனைச் சட்டத்தை மீறினீர்கள் என்று இந்த மூன்றில் எதைச் சொல்லி உங்கள் மேல் வழக்கு வந்தாலும் பாலிசி ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த விலக்கு எல்லோர் மேலும் பாயாது. மது தயாரிப்பது, விநியோகிப்பது, விற்பது, பரிமாறுவது என்று இவற்றில் ஒன்றைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரு மென்பொருள் நிறுவனம் ஆண்டு விழாவில் ஊழியர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தால், அதனால் வரும் வழக்கை அவர்களுடைய ஜெனரல் லயபிலிட்டியே பார்த்துக்கொள்ளும். இதைத்தான் தொழிலில் 'ஹோஸ்ட் லிக்கர்' என்பார்கள். உங்கள் ஏஜென்ட் மனதில் இதுதான் ஓடியிருக்க வேண்டும். இலவச சாம்பிள் என்றதும் நீங்களும் அந்த மென்பொருள் நிறுவனம் மாதிரிதான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நீங்கள் பீர் காய்ச்சுகிறவர். ஒரு சென்ட் வாங்காமல் ஊற்றிக் கொடுத்தாலும் அந்த விலக்குக்குள் இருக்கிறீர்கள்.

முன்பெல்லாம் இதைச் சுற்றிக்கொண்டு போக வக்கீல்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். "போதை ஏற்றினார்கள் என்று நாங்கள் வழக்குப் போடவில்லை. ஊழியரைச் சரியாகப் பயிற்றுவிக்கவில்லை, மேற்பார்க்கவில்லை என்றுதான் போடுகிறோம்" என்பார்கள். சில நீதிமன்றங்கள் அதை ஏற்கவும் செய்தன. 2013 படிவத்தில் ஐஎஸ்ஓ அந்தக் கதவையும் சாத்திவிட்டது. பயிற்சி, மேற்பார்வை, குடித்தவரை வீட்டுக்குக் கொண்டுவிடுவதில் நடந்த அலட்சியம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், அடியில் மது விஷயம் இருந்தால் விலக்கு செல்லும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது லிக்கர் லயபிலிட்டி என்ற தனி பாலிசி, அல்லது அதே பாலிசியில் தனிப் பகுதி. அதன் படிவ எண் சிஜி 00 33. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. டேப்ரூம் வைத்திருப்பதால் ஒருவேளை ஏற்கெனவே இருக்கலாம். சில மாநிலங்கள் லைசென்ஸ் கொடுக்கும்போதே கேட்கும். மிஷிகனில் குறைந்தது 50,000 டாலருக்கு, ஒரிகானில் 300,000 டாலருக்குக் காட்ட வேண்டும். அந்தத் தொகைகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது, அது வேறு கதை. இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் விழாவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், டேப்ரூமுக்கே முதலில் வாங்குங்கள்.

லிக்கர் லயபிலிட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அது உங்கள் வாசலைத் தாண்டி வருமா என்பது. பாலிசியின் முதல் சில பக்கங்களில் இணைப்புப் படிவங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். யாரும் படிக்காத பக்கம் அதுதான். அந்தப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு சிஜி 21 44 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். குறிப்பிட்ட இடத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்று கட்டிப்போடும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியை மாற்றும் இணைப்புப் படிவம்) அது. அது இருந்தால் உங்கள் ப்ரூவரி முகவரியிலும் அதை ஒட்டிய வேலைகளிலும் நடப்பதற்குத்தான் பாலிசி. பூங்கா அதில் வராது. கம்பெனிகள் தாங்களே எழுதிய வேறு பெயர், வேறு எண் கொண்ட இணைப்புகளும் இதே வேலையைச் செய்யும். ஆகவே 'பிரமிசஸ்', 'லொகேஷன்', 'லிமிடேஷன்' என்ற சொற்கள் தலைப்பில் வரும் ஒவ்வொன்றையும் படியுங்கள். லிக்கர் பகுதிக்கு என்று தனியாக இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கலாம், அதையும் பாருங்கள்.

பாலிசி வாங்கும்போது விண்ணப்பத்தில் "வெளி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்கிறீர்களா?" என்று கேட்டிருப்பார்கள். டேப்ரூம் மட்டும்தான் என்று அன்றைக்கு உண்மையைத்தான் எழுதியிருப்பீர்கள். நிலைமை மாறிவிட்டது, அதை எழுத்தில் சொல்லுங்கள். வருஷத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, எங்கே, எவ்வளவு பீர், யார் ஊற்றுவது என்று ஒரு மின்னஞ்சல் போதும். லிக்கர் லயபிலிட்டி பிரீமியம் மது விற்பனை வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வருஷக் கடைசியில் ஆடிட் வரும்போது வெளி விற்பனை தெரியத்தான் போகிறது. முன்கூட்டியே சொன்னவருக்குக் கூடுதல் பிரீமியத்தோடு விஷயம் முடியும். சொல்லாதவருக்கு கிளைம் வரும் நாளில் "விண்ணப்பத்தில் இப்படி இல்லையே" என்ற கடிதம் வரலாம்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரிக்கு வருகிறேன். "ஊற்றப்போவது தன்னார்வலர்கள், கூட்டம் அதிகமானால் எங்கள் நண்பர்கள்." எவ்வளவு தொகைக்கு பாலிசி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோப்பையை நீட்டுவது யார் கை, அந்தக் கைக்குப் பின்னால் யாருடைய லைசென்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. வழக்கின் பாதித் தலைவிதி அங்கேதான் முடிவாகிறது.

விழாக்களில் பொதுவாக இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்றில், விழாக் குழு நிகழ்ச்சிக்கான மது அனுமதியைத் தன் பெயரில் வாங்கும். உங்களிடமிருந்தோ உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்தோ பீரை வாங்கி, தன் ஆட்களை வைத்து ஊற்றும். அங்கே பரிமாறுகிறவர் அவர்கள், நீங்கள் சரக்குக் கொடுத்தவர். வழக்கு வந்தால் கூடாரத்தின் மேல் உங்கள் பெயர்ப் பலகை தொங்குவதால் உங்களையும் சேர்த்துத்தான் போடுவார்கள், அதைத் தவிர்க்க முடியாது. ஆனாலும் "நாங்கள் அவருக்கு ஊற்றவில்லை" என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கும். இன்னொன்றில், உங்கள் லைசென்ஸை நீட்டித்தோ தனி அனுமதி வாங்கியோ நீங்களே ஊற்றுவீர்கள். பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஆனால் யாருக்கு ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற பிடியும் உங்களிடமே இருக்கும்.

நீங்கள் போகவிருப்பது இரண்டுக்கும் நடுவில். அனுமதி அவர்களுடையது, கூட்டம் ஏறியதும் கைகள் உங்கள் நண்பர்களுடையவை. இதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. விழாக் குழுவின் பாலிசி "அவர்கள் எங்கள் தன்னார்வலர்கள் அல்ல" என்று சொல்லும். உங்கள் பாலிசி "அவர்கள் உங்கள் ஊழியர்களா?" என்று கேட்கும். லிக்கர் லயபிலிட்டியில் உங்கள் ஊழியர்கள், வேலையின் பகுதியாகச் செய்ததற்குப் பாதுகாக்கப்பட்டவர்கள். டி-ஷர்ட்டும் நாலு பீரும் வாங்கிக்கொண்டு உதவிக்கு வந்த நண்பர் எந்தக் கணக்கில் வருவார் என்பது படிவத்துக்குப் படிவம் மாறும். போதாக்குறைக்கு, லாப நோக்கில் நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் 'தன்னார்வலராக' வேலை செய்வதை அமெரிக்கக் கூட்டாட்சி ஊதியச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. கெக் தூக்கும்போது நண்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அது ஒர்க்கர்ஸ் காம்பா (வேலையில் அடிபட்ட ஊழியருக்கான காப்பீடு) இல்லையா என்ற தகராறு தனியாகக் கிளம்பும். பாதி பேரல் கெக் ஒன்று நிரம்பியிருந்தால் சுமார் 73 கிலோ, முதுகு பிடிப்பது அபூர்வமும் இல்லை.

என் யோசனை இதுதான். நண்பர்களை அந்த ஒரு நாளுக்குச் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பரிமாறுவதற்கான பயிற்சிச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். டிப்ஸ், சர்வ்சேஃப் ஆல்கஹால் போன்றவற்றை ஆன்லைனிலேயே முடிக்கலாம், உங்கள் மாநிலம் எதை ஏற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் குடிக்கும் இடத்தில் பரிமாறுகிறவர்களுக்கு 2022 முதல் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். இதற்கெல்லாம் நண்பர்கள் தயாரில்லை என்றால் அவர்கள் குழாயின் பக்கம் வரவேண்டாம், ஸ்டிக்கர் கொடுக்கட்டும், பீரைப் பற்றிப் பேசட்டும்.

அனுமதியின் நேரத்தையும் பாருங்கள். சிஜி 00 33-இல் ஒரு விலக்கு இருக்கிறது: தேவையான லைசென்ஸ் நடைமுறையில் இல்லாதபோது பரிமாறிய மதுவால் வரும் காயத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. நிகழ்ச்சி அனுமதி மாலை 6 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், மேடையில் இன்னும் பாட்டு ஓடுகிறது. 6.20-க்கு ஒருவருக்கு ஊற்றுகிறீர்கள். அந்த ஒரு கோப்பைக்கு நீங்கள் பிரீமியம் கட்டவில்லை என்றுதான் அர்த்தம். அனுமதிச் சீட்டில் வரைபடம் இணைத்திருந்தால் அதிலுள்ள வேலிக்கு வெளியே ஊற்றுவதும் இதே சங்கடத்தில் கொண்டுபோய் விடும். அனுமதிச் சீட்டின் நகலை விழாக் குழுவிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். யார் பெயரில், எந்தத் தேதிக்கு, எத்தனை மணி வரை என்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குடித்தவர் செய்த சேதத்துக்குக் கொடுத்தவரைப் பிடிக்கும் சட்டங்களுக்கு டிராம் ஷாப் சட்டம் என்று பெயர். டெக்சாஸில், குடித்தவர் தனக்கும் பிறருக்கும் ஆபத்தாகும் அளவுக்குப் போதையில் இருந்தது பார்த்தாலே தெரிந்தது என்று வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டும். அங்கே இன்னொரு வசதியும் உண்டு. ஊழியர் அரசு ஒப்புக்கொண்ட பயிற்சியை உண்மையிலேயே முடித்திருந்து, முதலாளி அதைக் கட்டாயமாக்கியிருந்து, விதியை மீறும்படி மறைமுகமாகக்கூடத் தூண்டாமல் இருந்தால், ஊழியர் செய்த தவறு முதலாளி தலையில் விடியாது. இலினாயில் கதை தலைகீழ். கொடுத்தவர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபிக்கவே வேண்டியதில்லை, ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, அது வருஷா வருஷம் மாறும். விர்ஜினியா, நெவாடா போன்ற இடங்களில் விற்றவர் மேல் இப்படி வழக்குப் போட வழியே கிட்டத்தட்ட இல்லை. அங்கே இருப்பவர்களும் பாலிசி இல்லாமல் விழாவுக்குப் போக முடியாது, ஒப்பந்தம் கேட்கிறதே. வெளிமாநில விழாவுக்குப் போகும்போது உங்கள் மாநிலச் சட்டம் உங்களோடு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கெக்கை இறக்கும் ஊரின் சட்டம்தான் பேசும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். அடிஷனல் இன்ஷூர்ட் என்றால் விழாக் குழுவும் நகராட்சியும் உங்கள் பாலிசிக்குள் விருந்தாளியாக வருகிறார்கள் என்று பொருள். உங்களால் வந்த வழக்கில் அவர்களையும் இழுத்தால், அவர்கள் செலவையும் உங்கள் கம்பெனி பார்க்கும். பிரைமரி அண்ட் நான்-கான்ட்ரிபியூட்டரி என்றால் முதலில் உங்கள் பாலிசிதான் பணம் கொடுக்க வேண்டும், அவர்களுடையதைப் பங்கு கேட்கக் கூடாது. வெய்வர் என்றால் பணம் கொடுத்துவிட்டு உங்கள் கம்பெனி அவர்கள் மேல் திரும்பி வழக்குப் போடாது. மூன்றும் வழக்கமான கோரிக்கைகள்தான், பயப்படத் தேவையில்லை. ஆனால் மூன்றுக்கும் தனித்தனி எண்டார்ஸ்மென்ட் வேண்டும். அதைவிட முக்கியம், ஜெனரல் லயபிலிட்டியில் சேர்த்தால் லிக்கர் லயபிலிட்டியில் தானாகச் சேராது. விழாக் குழுவுக்கு எது தேவை? மது வழக்கில் பாதுகாப்புத்தான். பல ஏஜென்ட்கள் இரண்டாவதில் சேர்க்க மறந்துவிட்டு முதலாவதில் மட்டும் சேர்ப்பார்கள். பிறகு பாலிசி வராதபோது, சேர்ப்பதாகக் கையெழுத்துப் போட்ட நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறீர்கள். அந்தப் பணம் உங்கள் சொந்தப் பையிலிருந்து போக வேண்டிவரும்.

சர்டிஃபிகேட் என்று ஏஜென்ட் சொல்வது அகார்டு 25 என்ற ஒரு பக்கத் தாள். அதன் மேல்பகுதியிலேயே, இது தகவலுக்காக மட்டும், இதனால் பெறுபவருக்கு எந்த உரிமையும் வராது என்று அச்சடித்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை கையில் இருப்பதால் கல்யாணம் ஆகிவிட்டதாகாது, அந்த மாதிரிதான். உங்களுக்கு வேண்டியது எண்டார்ஸ்மென்டின் நகல். அதை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் 'இண்டெம்னிஃபை' என்று ஆரம்பிக்கும் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். "விழாவில் எது நடந்தாலும், அது விழாக் குழுவின் தவறாகவே இருந்தாலும், ப்ரூவரி பொறுப்பேற்கும்" என்ற தொனியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "எங்கள் ஊழியர்களின் செயலாலோ அலட்சியத்தாலோ நேர்ந்த அளவுக்கு" என்று மாற்றச் சொல்லுங்கள். சிறிய ப்ரூவரிகள் கேட்கத் தயங்குகிறார்கள், அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்களோ என்று. கேட்டால் மாற்றிக் கொடுக்கிற குழுக்கள்தான் அதிகம். எங்கேயோ கிடைத்த மாதிரியை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருப்பார்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவர்களே படித்திருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்க மறக்கும் இன்னொன்று: அவர்களுடைய லிக்கர் லயபிலிட்டியில் உங்களை அடிஷனல் இன்ஷூர்ட் ஆகச் சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி அவர்களுடையது, ஊற்றுகிற கை அவர்களுடையது என்றால் இது நியாயமான கோரிக்கை.

தொகை போதுமா என்று கேட்டிருந்தால், ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், வருஷத்துக்கு 20 லட்சம் என்பதுதான் பரவலாகக் கேட்கப்படுவது. லிக்கர் பாலிசியில் ஒரு சம்பவம் என்பதற்குப் பதிலாக 'ஈச் காமன் காஸ்' என்று இருக்கும். ஒரே ஒருவருக்கு மது கொடுத்ததால் எத்தனை பேருக்குக் காயம் பட்டாலும், எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரு வரம்புதான். அவர் ஓட்டிய கார் ஒரு குடும்பத்தின் காரில் மோதி அதில் ஐந்து பேர் இருந்தால், அந்த 10 லட்சத்தை ஐந்து பேருக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். வருஷ வரம்பும் டேப்ரூமுக்கும் விழாக்களுக்கும் பொது. மற்ற பாலிசிகளின் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் அம்ப்ரெல்லா பாலிசியும் மேலே வாங்கலாம், வாங்கினால் நல்லது. ஆனால் அதில் லிக்கர் லயபிலிட்டி அடித்தளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பல அம்ப்ரெல்லாக்கள் அதை ஒதுக்கிவைத்துவிடும். கூடவே 'அசால்ட் அண்ட் பேட்டரி' (அடிதடி) விலக்கு இருக்கிறதா, வக்கீல் செலவு வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்ற இரண்டையும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். விழாக் கூடாரத்தில் கைகலப்பு நடக்கும் வாய்ப்பு கார் விபத்தைவிடக் குறைவில்லை.

மச்சானின் பிக்கப் விஷயம் சுருக்கமாக. அவருடைய சொந்த வண்டி பாலிசி முதலில் பேசும். வழக்கு ப்ரூவரி பெயரில் வந்தால் உங்களுக்கு ஹயர்ட் அண்ட் நான்-ஓன்ட் ஆட்டோ (வாடகை வண்டி, பிறர் வண்டிக்கானது) என்ற பாதுகாப்பு வேண்டும், ஜெனரல் லயபிலிட்டி வண்டி விபத்தைத் தொடாது. சாமான்களுக்கும் இதே கதைதான். வழக்கமான சொத்துப் படிவத்தில், கண்காட்சி போன்ற வெளி இடத்தில் இருக்கும் உங்கள் பொருளுக்கு 10,000 டாலர் வரை நீட்டிப்பு உண்டு. வண்டிக்குள் இருக்கும்போது அது கிடையாது. ஜாக்கி பாக்ஸ் (பீரைக் குளிர்வித்து ஊற்றும் பெட்டி), ரெகுலேட்டர், கூடாரம், கெக் எல்லாம் வண்டியோடு திருடு போவதுதான் நடக்கிற விஷயம் என்பதால் இடம் விட்டு இடம் போகும் பொருட்களுக்கான இன்லாண்ட் மரைன் என்ற சிறிய பாலிசி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நிமிர்த்தி, கட்டி, திறந்த பின்பக்கத்தில் வைத்துக் கொண்டுபோங்கள். மூடிய காருக்குள் அது கசிந்தால் ஓட்டுகிறவருக்கே ஆபத்து. மழையால் விழா நின்றுபோனால் வரும் நஷ்டம் அமைப்பாளரின் கவலை. கொண்டுபோகும் சில கெக்குக்காக நீங்கள் தனி பாலிசி எடுப்பது வீண் செலவு.

விழா நாளைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அமெரிக்க அளவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 5 விழுக்காடு பீர் 12 அவுன்ஸ். விழாவில் 4 அவுன்ஸ் கோப்பை, ஒருவருக்குப் பத்து டிக்கெட் என்று வையுங்கள். எல்லாமே 5 விழுக்காடு பீர் என்றால் பத்துக் கோப்பைக்கு மூன்று டிரிங்க் சொச்சம். 10 விழுக்காடு இம்பீரியல் ஸ்டவுட்டை (போதை அதிகமான கறுப்பு பீர்) அதே கோப்பையில் ஊற்றினால் ஆறரைக்கு மேல். டிக்கெட் ஒன்றுதான், போதை இரண்டு மடங்கு. டென்வரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஒரு அவுன்ஸ்தான் ஊற்றுவது வழக்கம். அங்கே வருகிறவர்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. விழாவுக்கு லேசான பீரைக் கொண்டுபோங்கள், ஸ்டவுட் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு அவுன்ஸ் கோப்பை. யாருக்காவது ஊற்ற மறுத்தால் நேரம், காரணம், யார் மறுத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வக்கீல் கடிதம் பல மாதம் கழித்துத்தான் வரும், அதற்குள் அன்றைக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கடிதம் வந்தால் நீங்களே பதில் போடாமல் அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

அக்டோபர் கல்யாணம். நண்பர் வீட்டு விசேஷம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளத் தோன்றும், எனக்கென்னவோ பூங்கா விழாவைவிட இதுதான் கவலையாக இருக்கிறது. பூங்காவில் வேலி இருக்கிறது, வாசலில் அடையாள அட்டை பார்த்துக் கையில் பட்டை கட்டுகிறார்கள், ஒரு அனுமதிச் சீட்டு இருக்கிறது. கல்யாணத்தில் குழாய் மண்டபத்தின் மூலையில் திறந்தபடி இருக்கும், குடிக்கும் வயது வராத 19 வயதுப் பையன்கள் பத்துப் பேர் அந்த மூலையில்தான் நிற்பார்கள். நீங்களே போய் நின்று ஊற்றினால் பெரும்பாலான இடங்களில் அதற்குத் தனி கேட்டரிங் அனுமதி வேண்டும், டேப்ரூம் லைசென்ஸ் அங்கே செல்லாது. செல்லாத லைசென்ஸில் ஊற்றினால் பாலிசி என்ன சொல்லும் என்று மேலேயே பார்த்தோம். உங்கள் மாநிலம் அனுமதிக்கும் முறையில் கெக்கை விற்றுவிட்டு, ரசீது போட்டு, ஊற்றும் வேலையை லைசென்ஸும் சொந்த லிக்கர் லயபிலிட்டியும் உள்ள ஒரு பார்டெண்டர் குழுவிடம் விடச் சொல்லுங்கள். நீங்கள் விருந்தாளியாக மட்டும் போங்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரில், ஹோஸ்ட் லிக்கர் சேர்த்த ஒரு நாள் நிகழ்ச்சி பாலிசி வாங்கிக்கொள்ளலாம். இப்படிக் கறாராகப் பேசுவது நண்பருக்கு வருத்தமாக இருக்குமே என்று தோன்றினால், அந்த ஒரு நாள் பிரீமியத்தை நீங்களே கட்டி, மொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.